நடுத்துண்டுக்கு அலுவலர் இல்லை

எங்கள் அலுவலகத்தின் முத்திரைக்கு ஏழு பக்கங்கள். அவற்றுள் எந்த இரண்டும் ஒரே நீளம் உடையவை அல்ல. நிறுவனர் அதை ஓடுகிற வண்டியில் அமர்ந்து ஒரு கடித உறையின் பின்புறத்தில் வரைந்தார் என்பது வரலாறு. எண்கோணம் வரையத் தொடங்கியவர், வண்டி குலுங்கியதால் ஏழோடு நிறுத்திக்கொண்டார் என்பது வரலாற்றில் எழுதப்படாத வரலாறு. எப்படியாயினும், நாட்டிலுள்ள அளவுகோல்களுக்கும் நாடாக்களுக்கும் மட்டங்களுக்கும் சான்று வழங்கும் அளவு நியமப் பேரலுவலகம் இது. நிறுவனரின் கோணலை நேராக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. அதை மில்லிமீட்டர் பிசகாமல் காப்பதே கடமை.

அதற்கென ஏழு பக்க அலுவலர்கள் இருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஒரு மேசைமணி, அரக்கு வைத்த ஒரு நாடா. ஆண்டுதோறும் நிறுவன நாளன்று, முகப்புக் கூடத்தின் தரையில் நீல ஓடுகளால் பதித்த முத்திரையைச் சுற்றி எழுவரும் மண்டியிடுவர், தத்தம் பக்கத்தை அளப்பர், “சரி” என்பர். ஏழாவது ‘சரி’ ஒலித்ததும் இயக்குநர் “மிகச் சரி” என்பார். பிறகு தேநீர் வரும். இவர்களுக்குப் பெயர் இருந்ததை நாங்கள் மறந்து நெடுங்காலமாகிறது. “நாலாம் பக்கம் இன்னிக்கு லீவு”, “அஞ்சாம் பக்கத்துக்கு முட்டி வலி” என்றுதான் பேசிக்கொள்வோம்.

பக்கங்களுக்கு உள்ளே இருப்பதற்கு அலுவலர் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக இக்குறை என் கண்ணில் படவில்லை. பட்டிருக்க வேண்டியது என் கண்ணில்தான். என் பதவியின் பெயர் அளவுக் கணக்கர்.

அலுவலகத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு தீர்மானம் நிறைவேறியது: முத்திரையை முன்முற்றத்தில், வடிவம் பிசகாமல், ஒவ்வொரு பக்கமும் மும்மடங்காகுமாறு பெரிதாக்கிப் பதிக்க வேண்டும். ஓடு எத்தனை தேவை என்று குறிக்கக் கோப்பு என் மேசைக்கு வந்தது. கூடத்து முத்திரையில் உள்ளங்கை அகலத்தில் இருநூற்று நாற்பது ஓடுகள். மூன்றால் பெருக்கினேன். எழுநூற்று இருபது. தேநீரில் ஆடை படிவதற்குள் கையெழுத்தும் இட்டுவிட்டேன். நான் அடித்தல் திருத்தல் இன்றி எழுதுபவன். அந்த எழுநூற்று இருபது மிக அழகாக அமைந்திருந்தது.

வேலைக்கு வந்த கொத்தனார் என் மனைவியின் அண்ணன்.

அவரை நான் பரிந்துரைக்கவில்லை. உரிம அட்டை பெற்ற கொத்தனார்களின் வரிசையில் அவர் முறை வந்தது; வந்தார். ஆனால் அவர் யாரென்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. திருமணமான புதிதில், பெண் வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று ஐந்தாம் பக்கம் கேட்டபோது, “கட்டடத் துறையில இருக்காங்க” என்றேன். அது பொய் அன்று. பொய்யாக இருந்திருந்தால் ஒருநாள் திருத்தியிருப்பேன்.

கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நுழைந்தவர் என்னைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதை ரசமட்டம் வைக்காமலே சொல்லிவிடும் மனிதர் அவர். என் தலை சாய்ந்ததையும் கண்டுகொண்டார்.

“சார், தண்ணி எங்க பிடிக்கணும்?” என்றார்.

பதினான்கு ஆண்டுகளாக ‘மாப்பிள்ளை’ என்று அழைத்த வாய் அது. குழாய் இருந்த திசையைப் பேனாவால் காட்டினேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. சிமெண்டுப் பையிலிருந்து கிழித்த பழுப்புத் தாள். தச்சுப் பென்சிலால் எழுதியது. ‘ஐயா அவர்களுக்கு’ என்ற முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரிக்குப் போகும்முன் தாளின் தரம் கண்ணில் பட்டது. இப்படிப்பட்ட தாள்களை ஏற்கலாகாது என்ற சுற்றறிக்கையை வரைந்தவனே நான்தான். சீட்டைத் திருப்பி, பின்புறத்தில், ‘கோடிட்ட தாளில், இடப்புறம் ஓரம் விட்டு எழுதித் தரவும்’ என்று எழுதி, ஒப்பமிட்டு, தேதியிட்டு அனுப்பினேன். வேறு சீட்டு வரவில்லை. ஒழுங்கு கற்றுக்கொண்டார் என்று எண்ணினேன்.

பத்தாம் நாள் கிழக்கு மூலையிலிருந்து பதித்துக்கொண்டு வந்த ஓடுகள் தீர்ந்துபோயின. முத்திரையின் மூன்றில் ஒரு பங்கு நீலமாகவும் மற்ற இரு பங்கு வெறும் சிமெண்டாகவும் கிடந்தன. நடுவே கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இயக்குநர் வந்தார். எழுவரும் வந்தனர். நூல் கட்டிய எல்லையை நாடா வைத்து அளந்து ஏழு முறை ‘சரி’ என்றனர். ஒவ்வொரு பக்கமும் மும்மடங்கு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“பக்கம் எல்லாம் மூணு பங்கு,” என்றார் இயக்குநர். “டைல்ஸும் மூணு பங்கு. அப்புறம் எப்படிப் பத்தாமப் போகும்?”

“வாங்கின எழுநூத்தி இருபதும் தரையிலதான் சார் இருக்கு. நான் இங்க நின்னே எண்ணிட்டேன்,” என்றார் மூன்றாம் பக்கம். அவர் எங்கள் அலுவலகத்துக்குப் புதியவர்.

“இருக்கட்டும். அது எடுக்காம விட்டது. எடுத்தது எங்க?”

“வாங்கினதே எழுநூத்தி இருபதுதானே சார்?”

“அதைத்தான்யா நானும் சொல்றேன். வாங்கினது அத்தனையும் இங்க இருக்கு. அப்படியும் மூணுல ரெண்டு பங்கைக் காணோம். எவ்வளவு கைதேர்ந்த ஆளா இருக்கணும், பாருங்க!” அவர் எங்கள் எல்லோரையும் நோக்கித் திரும்பினார். “நம்ம ஆபீஸ்ல தப்பு நடக்க வழியே கிடையாது. ஊருக்கெல்லாம் அளவு சொல்ற இடம் இது. தப்புன்னு ஒண்ணு வந்தா அது கேட்டுக்கு வெளியிலேருந்துதான் வரணும். நான் இங்க இருபத்தெட்டு வருஷமா இருக்கேன். ஒரு தடவைகூட நானா உக்காந்து கணக்குப் போட்டதில்ல. அதனால ஒரு தடவைகூட என் கணக்கு தப்பானதில்ல.”

எழுவரும் கைதட்டினர்.

“மூணு பங்கு, மூணு பங்கு” என்று அவர் சொன்னபோதுதான் என் காதில் ஏதோ இடறியது. அறைக்குத் திரும்பினேன். மையொற்றுத் தாளில் சிறிய சதுரம் ஒன்று வரைந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் மும்மடங்காக்கி இன்னொன்று வரைந்தேன். பெரியதற்குள் சிறியதை வரிசைக்கு மூன்றாக அடுக்கினேன். மூன்று வரிசை. ஒன்பது.

பள்ளிப் பிள்ளைகள் அறிந்தது. இருநூற்று நாற்பதை ஒன்பதால் பெருக்கினால் இரண்டாயிரத்து நூற்று அறுபது. மீதி ஆயிரத்து நானூற்று நாற்பது ஓடுகளை யாரும் திருடவில்லை. அவை வாங்கப்படவே இல்லை. மையொற்றுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று அதை யாரிடமும் காட்டவில்லை.

திருட்டு உறுதியானால் கொத்தனாரின் உரிம அட்டை பறிக்கப்படும். அவருடைய மூலைமட்டமும் ரசமட்டமும் எங்கள் சான்று பெற்றவை. அவற்றையும் ஒப்படைக்க வேண்டும். அட்டை இல்லாத கொத்தனாரின் மட்டத்தை எந்த வீட்டுக்காரரும் நம்பமாட்டார். அவரிடம் அதைத் தவிர வேறு சொத்து இல்லை.

முதலில் வாயிற்காவலர் அவருடைய சாப்பாட்டுக் கேரியரை அடுக்கடுக்காகப் பிரித்துச் சோதித்தார். ஓடு இல்லை. கேரியரின் விட்டம் அளக்கப்பட்டு, நாளொன்றுக்கு எத்தனை ஓடுகள் அதில் சென்றிருக்கக்கூடும் என்று ஓர் அட்டவணை தயாரானது. பிறகு இரண்டாம் பக்கமும் ஆறாம் பக்கமும் அவர் வீட்டைச் சோதிக்கப் புறப்பட்டனர். குறிப்பெழுத என்னை அழைத்தனர். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். வயிற்றுவலிக்கும் படிவம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்டவரின் வீட்டில் வெறும் சிமெண்டுத் தரை. இரண்டாம் பக்கம் அதை நாடா வைத்து அளந்தார். ஆறாம் பக்கம் சுவரைத் தட்டிப் பார்த்தார். கொத்தனாரின் மனைவி, நான் ‘அக்கா’ என்று அழைப்பவர், சமையலறை வாசலில் நின்றார். அவருக்கும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது போலும்.

“சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

குடித்தேன். அந்தக் குவளை எனக்குத் தெரியும். அதன் விளிம்பில் ஒரு நசுக்கல் உண்டு.

இரண்டாம் பக்கம் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் நின்றுவிட்டார். அது எங்கள் திருமணப் படம்.

“என்னய்யா, இந்த மாப்பிள்ளை அப்படியே உங்களை உரிச்சு வச்ச மாதிரி இருக்கு?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. அதற்குள் அக்கா சொல்லிவிட்டார்: “உலகத்துல ஒருத்தரைப் போல ஏழு பேர் இருப்பாங்கன்னு சொல்லுவாங்களே சார்.”

“ஏழு பேரா?” இரண்டாம் பக்கம் மகிழ்ந்துபோனார். “நம்ம எண்ணு!”

அன்றைய அறிக்கை என் கையெழுத்தில் இருக்கிறது. ‘ஓர் ஓடுகூடக் கண்ணுக்குத் தென்படாத அளவுக்கு ஓடுகள் திறமையாக மறைக்கப்பட்டுள்ளன. சுவரில் ஒரு படம் உள்ளது, வழக்குக்குத் தொடர்பில்லை.’ தெளிவான வாக்கியங்கள். எங்கும் அடித்தல் இல்லை.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. நீளமான பக்கத்தார் முன்னும் குட்டையான பக்கத்தார் பின்னுமாக அமர்ந்தனர். கொத்தனார் நின்றார். தொடங்குமுன் நான் எழுந்தேன். மடித்த மையொற்றுத் தாள் சட்டைப்பையில் மூன்று நாளாக வெந்துகொண்டிருந்தது.

“சார், ஒரு சின்ன விளக்கம்.”

ஒரே அளவில் வெட்டிய சதுரத் துண்டுச்சீட்டுகளை மேசையில் வைத்தேன். “இது ஒரு சதுரம். பக்கம் ஒவ்வொண்ணையும் மூணு பங்காக்குறோம்.” வரிசைக்கு மூன்றாக அடுக்கினேன். “எண்ணிப் பாருங்க சார். மூணு இல்ல, ஒன்பது.”

இயக்குநர் எண்ணினார். இருமுறை எண்ணினார். பிறகு விரலை மையத்தில் வைத்தார்.

“நடுவுல இருக்கே, இது எந்தப் பக்கத்துது?”

“எந்தப் பக்கத்துலயும் படாது சார். உள்ள இருக்கறது.”

“முதல் பக்கம், இது உங்களுதா?”

“இல்ல சார்.”

“ரெண்டாம் பக்கம்?”

“எங்க எல்லைக்குள்ள வரல சார்.”

ஏழு பேரிடமும் கேட்டார். ஏழு பேரும் மறுத்தனர்.

“யாருக்கும் சொந்தமில்லாத துண்டு. இதுக்கு யாரு கையெழுத்துப் போடுவா? கையெழுத்தில்லாத ஒண்ணை நான் எப்படிக் கணக்குல சேர்க்க?” அந்தத் துண்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். “இப்ப எட்டு. பாத்தீங்களா, உங்க கணக்கு உங்க கண்ணு முன்னாலயே மாறுது.”

“சார், அது மட்டுமில்ல,” என்று ஏழாம் பக்கம் எழுந்தார். “சதுரத்துக்கு என்னவோ இருந்துட்டுப் போகட்டும். நம்ம முத்திரை சதுரமா? நம்மளுதுல ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருக்கா?”

“எந்த வடிவமா இருந்தாலும் ஒண்ணுதான் சார்.” முத்திரை அச்சிட்ட தாளை எடுத்து, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குப் பென்சிலால் கோடிழுத்தேன். “இப்ப அஞ்சு முக்கோணம். பக்கத்தை மூணு பங்காக்கினா, ஒவ்வொரு முக்கோணமும் தன்னைப் போல ஒன்பது முக்கோணத்தைப் பிடிக்கும். அஞ்சும் ஒன்பது பங்கானா, மொத்தமும் ஒன்பது பங்கு. வடிவொத்த பலகோணம் எதுவானாலும், பக்கம் எத்தனை மடங்கோ, அதை அதாலயே பெருக்கினா வர்றதுதான் பரப்பு…”

“முத்திரைக்குள்ள கோடு போடுறார் சார்!” ஏழாம் பக்கத்தின் குரல் உடைந்தது. “நிறுவனர் போடாத கோடு!”

கோடுகள் அங்கேயே அழிக்கப்பட்டன. அழிப்பான் துகள்கள் ஓர் உறையில் சேகரிக்கப்பட்டு, சான்றுப்பொருள் ஒன்று என்று எண்ணிடப்பட்டன.

அந்தச் சந்தடியில் ஒரே ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “அப்படின்னா, எழுநூத்தி இருபதுன்னு எழுதினது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தனர். கொத்தனார் மட்டும் பார்க்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையின் தரைச் சரிவைக் கணக்கிடுவதுபோல.

“கோப்புல இருக்கு சார்,” என்றேன்.

“கோப்புல இருந்தா சரியாத்தான் இருக்கும்,” என்றார் இயக்குநர். அத்துடன் என் விளக்கம் முடிந்தது. உட்கார்ந்து, அதையும் குறித்துக்கொண்டேன்.

கொத்தனாரிடம் கேட்டார்கள்: பத்தாது என்று முன்பே தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை?

“நூல் கட்டின அன்னிக்கே தெரிஞ்சுது சார். மூணு பங்கு டைல்ஸ் மூலைக்குத்தான் காணும். சீட்டு எழுதிக் குடுத்தேன்.”

“யாருகிட்ட? எங்க அந்தச் சீட்டு?”

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை வாசற்படியில் இடறிவிடக் கூடாதே என்று பார்க்கும் பார்வை அது.

“தொலைஞ்சு போச்சு சார்,” என்றார்.

உரிம அட்டையை விழா முடிந்த மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வீட்டில் என் மனைவி சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கும் இடத்தில் ஒரு பழுப்புத் தாளை வைத்திருந்தாள்.

“அண்ணி குடுத்தாங்க. பையை உதறினப்போ விழுந்துதாம். இது உங்க கையெழுத்துதானே?”

என் கையெழுத்துதான். ‘இடப்புறம் ஓரம் விட்டு’ என்பதில் சுழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன.

“முன்பக்கம் படிங்க.”

படித்தேன். ‘ஐயா அவர்களுக்கு. பக்கம் மூணு பங்கு என்றால் டைல்ஸ் ஒன்பது பங்கு வேணும். 2160. இருப்பது 720. ஆரம்பிக்கும் முன்னே சொல்கிறேன். பிறகு குறை சொல்ல வேண்டாம்.’ நான்கு வரி. படிக்க அரை நிமிடம் ஆகவில்லை.

“படிக்கலையா அன்னிக்கு?”

“தாள் சரியில்லைன்னு…”

“தாளா?” அவள் தாளின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். “எங்கண்ணன் உங்களைக் காப்பாத்துறதா நினைச்சுக்காதீங்க. அவன் காப்பாத்துறது என்னை. நாளைக்கு நான் உங்களோடதானே குடும்பம் நடத்தணும்?”

“நாளைக்கு இதைக் குடுத்துடறேன்.”

“குடுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். திருடன்னு சொன்னாங்களே, அப்பவாவது ‘அவர் என் மச்சான், அப்படிப்பட்டவர் இல்ல’ன்னு வாயைத் திறந்தீங்களா?”

தட்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் விழா. காலையிலேயே சீட்டைப் பதிவுப் பிரிவில் நீட்டினேன். பதிவாளர் அதை நுனிவிரலால் தொட்டுப் பார்த்தார்.

“சிமெண்டுப் பை. இதை வாங்கக் கூடாதே சார். உங்க சுற்றறிக்கைதான்.” மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்திருந்த அச்சுற்றறிக்கையை எனக்கே படித்துக் காட்டினார். “கோடிட்ட தாளில், இடப்புறம்…”

“தெரியும்,” என்றேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்,” என்றார் உண்மையான மதிப்புடன்.

முற்றத்தில் விருந்தினர் நிறைந்திருந்தனர். குறைப்பட்ட முத்திரை தெரியாதிருக்க அதன்மேல் பட்டுத் துணி போர்த்துவது என்பது ஏற்பாடு. கூடத்து முத்திரைக்கு ஆண்டுதோறும் போர்த்தும் துணி போல மும்மடங்கு துணி தைக்கச் சொல்லியிருந்தார்கள். விரித்தார்கள். முதற்பக்கம் தம் பக்கத்தை மூட இழுத்தார்; நான்காம் பக்கம் வெளிவந்தது. நான்காம் பக்கம் இழுத்தார். ஏழாம் பக்கம் அம்மணமாயிற்று. எழுவரும் விருந்தினர் முன் சிறிது நேரம் இழுத்துப் பார்த்தனர். இறுதியில் துணி, நீல ஓடுகள் இருந்த மூன்றில் ஒரு பங்கின்மேல் பாந்தமாகப் படிந்தது. வெற்றுச் சிமெண்டு முழுவதும் வெயிலில் கிடந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “அன்பர்களே, நீங்களே சாட்சி! டைல்ஸைத் தொட்டவங்க இப்ப துணியிலும் கைவச்சுட்டாங்க. அதே மூணுல ரெண்டு பங்கு! இந்தப் பொருத்தம் போதாதா? இது ஒரு கூட்டம். தையற்காரர் பேரையும் பட்டியல்ல சேத்துக்கோங்க.”

துணி தைத்தவர் பின்வரிசையில் நின்றிருந்தார். ஊசி குத்திய விரலை வாயில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பட்டியல் எழுதும் ஏடு என் கையில் இருந்தது.

எழுதவில்லை. மேடைக்குப் போனேன். என் கால்கள் அதற்குமுன் அனுமதியின்றி எங்கும் போனதில்லை.

“யாரும் எடுக்கல,” என்றேன். என் குரல் நான்கு மூலையிலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. “ஒன்பதால பெருக்க வேண்டிய இடத்துல நான் மூணால பெருக்கினேன். எழுநூத்தி இருபது என் கையெழுத்து. கொத்தனார் முன்னாடியே எழுதிக் குடுத்தார். படிக்காமத் திருப்பி அனுப்பினேன். விசாரணையில கேட்டப்பவும் சொல்லல.”

இயக்குநர் என் தோளை அணைத்தார். அவர் கண்கள் பனித்திருந்தன.

“பாத்தீங்களா எங்க ஊழியரோட பெருந்தன்மையை! யாரோ ஒரு வெளியாள் செஞ்ச குத்தத்தைத் தன் தலைமேல போட்டுக்கறார். இதுதான் இந்த ஆபீஸ்!”

கைதட்டல் எழுந்தது. இருக்கையிலிருந்து சிலர் எழுந்தே தட்டினர். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அத்தோடு மேடையிலிருந்து இறங்கிவிட்டிருக்கலாம்.

“வெளியாள் இல்ல சார். என் மச்சான். என் மனைவியோட கூடப்பிறந்த அண்ணன். அவர் வீட்டுச் சுவர்ல இருந்த படத்துல மாப்பிள்ளை நான்தான்.”

கைதட்டல் ஒரு கை மற்றொரு கையைச் சேராமலே நின்றது.

பிழையை ஒப்புக்கொண்டதால் எதுவும் நடக்கவில்லை. உறவை ஒப்புக்கொண்டதால் எல்லாம் நடந்தது. உறவினர் எழுதிய விசாரணைக் குறிப்பு செல்லாது என்று விதி இருக்கிறது. குறிப்பு செல்லாவிட்டால் விசாரணை செல்லாது. விசாரணை செல்லாவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் அட்டையைப் பறிக்க இயலாது. மாலைக்குள் ஆணை வந்தது. முதல் நாள் அவர் முற்றத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சிரித்திருந்தால், இதில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்காது.

எனக்கும் ஓர் ஆணை வந்தது. உறவை மறைத்தமைக்காகப் பதவியில் ஒரு படி இறக்கம். கணக்குப் பிழைக்குத் தண்டனை இல்லை. அதை நிரப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆணையின் கீழே ஒரு வரி: ‘முத்திரையின் உட்புறம் கவனிப்பாரற்று இருப்பதாகத் தெரியவருவதால், மறு உத்தரவு வரை இவரே உட்புற அலுவலர் (பொறுப்பு).’ அறையோ மணியோ நாடாவோ கிடையாது. இயக்குநர் தம் இழுப்பறையைத் திறந்து, அந்தச் சதுரத் துண்டுச்சீட்டை எடுத்து, முறைப்படி என்னிடம் ஒப்படைத்தார்.

முற்றத்தில் கொத்தனார் தம் கருவிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கமும் வேறு இருவரும் அருகில் நின்று, மீதி வேலையை எப்போது முடித்துத் தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தனர்.

“டைல்ஸ் வந்தா முடிப்பேன் சார். ஆனா எத்தனைன்னு எழுத்துல வேணும்,” என்றார் அவர். “வாய் வார்த்தையெல்லாம் வேணாம்.”

“எழுதித் தர்றேன், மச்சான்,” என்றேன். மூவர் காதிலும் விழும்படியே சொன்னேன். பழக்கம் இல்லாததால் சற்று உரக்கவே வந்துவிட்டது. கோடிட்ட தாளுக்காகச் சட்டைப்பையில் கை விட்டேன்.

“அந்தத் தாள் வேணாம்.” அவர் மூலையில் கிடந்த வெற்றுச் சிமெண்டுப் பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். “இதுல எழுதுங்க.”

மண்டியிட்டேன். பையைக் கிழித்தபோது தூள் பறந்து சட்டையெல்லாம் படிந்தது. அவருடைய தச்சுப் பென்சிலை வாங்கி, முழங்காலில் வைத்து எழுதினேன்: ‘பக்கம் மும்மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. தேவை 2160. பதித்தது 720. வாங்க வேண்டியது 1440. முன்பு எழுதியது என் பிழை. இதை நீங்கள் முன்பே சொன்னீர்கள்.’ ஓரம் விடவில்லை. விட இடமும் இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். முதல் வரியிலிருந்து, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். எண்களில் நின்றார், மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தார் என்பது உதட்டசைவில் தெரிந்தது. நான் மண்டியிட்டபடியே இருந்தேன். எழுந்துகொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. கடைசி எழுத்துவரை வந்ததும் தாளைத் திருப்பி, பின்புறத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

“எழுத்து எப்பவும் நல்லாத்தான் இருக்கும் உங்களுது,” என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நூற்கண்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். “இழுத்துப் பிடிங்க, மாப்பிள்ளை.”